இருட்டில் உயரமாக வளர்ந்த பயறு

ஆறாம் வகுப்பு அறிவியலில் பல பள்ளிகளில் செய்து பார்க்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு டம்ளர்களின் அடியில் ஈரப் பஞ்சு, பஞ்சின்மேல் பத்துப் பத்துப் பச்சைப்பயறு. ஒன்றை ஜன்னலோரம் வைக்க வேண்டும், இன்னொன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஒரு வாரம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். செடி வளர்வதற்குச் சூரிய ஒளி தேவை என்று காட்டத்தான் இந்தச் சோதனை வைக்கப்படுகிறது. ஆனால் அளந்து பார்த்தால் பெட்டிக்குள் இருந்த பயறுதான் உயரமாக இருக்கும். ஜன்னலோரத்துச் செடி குட்டையாக, பச்சையாக, தடித்த தண்டோடு நிற்கும். இருட்டுச் செடி வெளிர் மஞ்சளாக, நூல்போல, சில சமயம் இரு மடங்கு உயரத்துக்கு நீண்டு கிடக்கும்.

பிள்ளைகளின் நோட்டுகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். உயரம் என்ற கட்டத்தில் பல நோட்டுகளில் ரப்பர் போட்டு அழித்த தடம் இருக்கும். அழித்த எண்ணின்மேல் வேறோர் எண், அதன் கீழே பாடநூலின் முடிவு வரி, ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மைக் குறி. அந்தக் குழந்தை பயறை ஊறவைத்தது, தினமும் தண்ணீர் விட்டது, குனிந்து அளந்தது எல்லாமே உண்மை. அந்த உழைப்பின் முடிவில் அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கண்ணும் ஸ்கேலும் ஒன்றைச் சொல்லி, அச்சடித்த வரி வேறொன்றைச் சொன்னால், அழிக்க வேண்டியது தன் எண்ணைத்தான். செய்முறையே இல்லாத வகுப்பு இந்தக் கெடுதலைச் செய்வதில்லை. அங்கே குழந்தை வெறுமனே மனப்பாடம் செய்கிறது. இங்கே தன் கண்ணை நம்பாதிருக்கவே பழகிவிடுகிறது.

அழிக்கவிடாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில், இருட்டுப் பயறு உயரமாக இருப்பதைக் கண்டு வகுப்பு குழம்பி நின்றபோது, "சரி, வந்தது வந்தபடி எழுதுங்க. ஏன் இப்படின்னு அப்புறம் பார்ப்போம்" என்றார் அந்த ஆசிரியை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், எங்க அப்பத்தா முளைப்பாரிய இருட்டு ரூம்லதான் வைப்பாங்க. கதவத் தொறக்கவே விட மாட்டாங்க."

"ஏன் விட மாட்டாங்களாம்?"

"வெளிச்சம் பட்டா வளராதாம் டீச்சர்."

வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரிந்த சங்கதி. மாரியம்மன் திருவிழாவுக்கு ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பி, தானியங்களும் பயறு வகைகளும் விதைத்து, மூடிய அறையில் வைத்து வளர்ப்பார்கள். முளைப்பாரி உயரமாக வந்தால் அந்த வருஷம் மழையும் வெள்ளாமையும் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஊர்வலம் முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். அதற்குமேல் வைத்திருந்தால் தாங்காது, சாய்ந்துவிடும் என்பது அதை வளர்க்கும் பெண்களுக்குத் தெரியும். ஆக, பாடநூல் எழுதியவருக்குச் சோதனையின் நடுவில் நழுவிப்போன ஒன்று அந்தச் சிறுமியின் வீட்டில் தலைமுறைகளாக இருந்திருக்கிறது. அவள் அதை வகுப்பில் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், எண் அழிக்கப்படாமல் கரும்பலகையில் நின்றதுதான்.

அதன் பிறகு நடந்தவை சுவையானவை. வெளிச்சம் இல்லாமலே வளர்கிறது என்றால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? பயறுக்குள்ளேயே இருக்கும் என்றான் ஒருவன். அப்படியானால் அது தீர்ந்ததும் என்ன ஆகும்? பெட்டியை இன்னும் ஒரு வாரம் மூடியே வைத்தார்கள். செடிகள் மடிந்து விழுந்தன. உயரத்தை மட்டும் அளந்தால் போதுமா, எடை பார்க்க வேண்டாமா என்று அடுத்த கேள்வி. பச்சைச் செடியை நிறுத்தால் தண்ணீரின் எடைதான் பெரிதாக இருக்கும், காய வைத்து நிறுக்க வேண்டும். பஞ்சில் வளர்த்தால் வேர் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அடுத்த முறை பழைய வேட்டித் துணியில் வளர்த்தார்கள். நூறு பயறு சேர்ந்தாலும் சில கிராம்தான் தேறும் என்பதால் பள்ளிக்கூடத்துத் தராசு உதவாது. ஆனால் நகை அடகுக் கடை இல்லாத கடைத்தெரு எது? அங்கே மில்லிகிராம் காட்டும் தராசு உண்டு. காயவைத்த இருட்டுச் செடிகளின் எடை, முளைப்பதற்கு முன் அந்தப் பயறுகளுக்கு இருந்த எடையைவிடக் குறைவு. உயரம் கூடியிருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது. தன்னிடம் இருந்த சேமிப்பைச் செலவழித்துத்தான் அது நீண்டிருக்கிறது. மண்ணுக்குள் புதைந்த விதைக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. வெளிச்சத்தை எட்டும்வரை தண்டு நீள வேண்டும், எட்டிய பின் நீள்வது மட்டுப்பட்டு இலை பச்சை பிடிக்க வேண்டும்.

பாடநூல் சொன்ன முடிவு கடைசியில் சரிதான். செடிக்கு ஒளி வேண்டும். ஆனால் அந்த வகுப்பு அதை வந்தடைந்த பாதை, உயரம் என்ற ஒற்றை அளவு ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டது.

இந்த விஷயத்தில் பெரியவர்கள் பட்ட பாட்டையும் நினைத்துக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட், காயவைத்து நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோக் கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் மழைநீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தபோது குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். முடிவு தவறு, காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அளவு சரி. அந்தச் சரியான அளவு இருந்ததால்தான் மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய எண்ணம் விழுந்தது, பின்னால் வந்தவர்கள் காற்றைத் தேடிப் போனார்கள். எண்ணை மாற்றாமல் எழுதியவர் முடிவில் பிசகினாலும் அறிவியலுக்கு உதவிவிட்டார். இருட்டுதான் நல்லது என்று முதல் வாரத்தில் எழுதிய குழந்தையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

நம் ஊரில் பிராஜெக்ட் என்று பெற்றோர் சொல்லும் பொருள் வேறு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பர், தெர்மாகோல், கலர் பேப்பர், ஒட்டுவதற்கு அச்சடித்த படத்தாள் வாங்கி, அப்பாவோ அம்மாவோ இரவில் உட்கார்ந்து செய்துகொடுக்கும் சூரியக் குடும்பம். தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்து, அந்த 40இல் 20 மதிப்பெண்ணைச் செயல்பாடுகளுக்கு ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லது, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் மதிப்பெண் போடுவதற்கு ஒரு பொருள் வேண்டும், சுவரில் மாட்டக்கூடிய, பார்வையிட வரும் அதிகாரிக்குக் காட்டக்கூடிய பொருள். அழகான தெர்மாகோல் உருண்டை அதற்குப் பொருந்தியது. மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கும் பயறு பொருந்தவில்லை. கண்காட்சிகளில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை வருஷந்தோறும் வருகிறது. அதில் எதுவும் கண்டறியப்படுவதில்லை. வினிகரின் அளவை மாற்றினால் பொங்கும் உயரம் எப்படி மாறுகிறது என்று ஒரு குழந்தை ஐந்து முறை அளந்து எழுதியிருந்தால், எரிமலையின் வண்ணப்பூச்சு இல்லாமலே நான் அதைச் செய்முறை என்பேன். செய்வதற்கு முன்பே விடை தெரிந்துவிட்ட வேலை கைவேலை. அதற்கும் மதிப்பு உண்டு, பெயர்தான் வேறு.

விடை தெரியாமல் தொடங்குவதை ஒரு மாவட்டம் முழுக்க நடத்திக் காட்டினார்கள், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில். 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும், ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியல் ஆய்வை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்த அனில் சத்கோபால் அதன் மையத்தில் இருந்தார். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் விடுமுறைகளில் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதை மேலும் கொண்டு செல்வதற்காக 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அவர்கள் உருவாக்கிய 'பால வைக்ஞானிக்' நூல்களில் சோதனை இருக்கும், கேள்வி இருக்கும், முடிவு இருக்காது. முடிவைக் குழந்தைகள் நான்கு நான்கு பேராகச் செய்து, பேசி, தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வருஷக் கடைசியில் குழந்தையின் பாடநூலில் பாதியை அந்தக் குழந்தையே எழுதியிருக்கும்.

அவற்றில் ஒரு பாடம் என்னை இன்றும் கவர்வது. வகுப்பில் உள்ள அத்தனை பேரும் ஒரே பொருளின் நீளத்தை அளக்கிறார்கள். எல்லா விடைகளையும் கரும்பலகையில் எழுதுகிறார்கள். ஒன்று போல் ஒன்று இல்லை. யாருடையது சரி என்று அங்கே கேட்பதில்லை. எந்த அளவு எத்தனை முறை வந்திருக்கிறது என்று கட்டம் போட்டுக் குறிக்கிறார்கள். நடுவில் கூட்டமாகவும் ஓரங்களில் அருகியும் ஒரு மேடு எழும்புகிறது. எட்டத்தில் தனியாக நிற்கும் ஓர் அளவு யாருடையது, அவன் ஸ்கேலின் நுனி தேய்ந்திருந்ததா, பூஜ்ஜியத்திலிருந்து அளந்தானா ஒன்றிலிருந்து அளந்தானா என்று பார்க்கிறார்கள். பன்னிரண்டு வயதில், அளவு என்றாலே பிசகோடுதான் வரும், பிசகுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. நம் பிள்ளைகள் பலருக்கு இது கல்லூரி ஆய்வகத்தில்கூடச் சொல்லப்படுவதில்லை. அங்கேயும் கணக்கிட்ட விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் விதை ஆறாம் வகுப்பின் ரப்பர் தடத்தில்தான் விழுகிறது.

கருவிகளுக்கு அங்கே பெரிய செலவு செய்யவில்லை. ஐஐடி கான்பூரில் படித்துப் புனேயில் லாரி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்து ஹோஷங்காபாதுக்கு வந்தார். அங்கே வாரச்சந்தையில் கண்ணில் பட்ட சைக்கிள் வால்டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் செய்த வடிவங்கள்தான் பின்னால் உலகமெங்கும் போயின. வால்டியூபைத் துண்டுகளாக வெட்டி, மூட்டாக வைத்து, தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணமும் சதுரமும் வரும். முக்கோணத்தை அமுக்கிப் பாருங்கள், அசையாது. சதுரம் உடனே சாயும். சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் நின்றுவிடும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் கூரைச் சட்டத்திலும் ஏன் எங்கு பார்த்தாலும் முக்கோணம் என்ற கேள்விக்கு ஒரு சிறுவனின் விரல்கள் பதில் சொல்லிவிடுகின்றன.

தேர்வையும் அவர்கள் மாற்றினார்கள். ஹோஷங்காபாதின் உயிர்நாடி அதுதான் என்பது என் எண்ணம். புத்தகத்தையும் சொந்த நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கேள்வி, பார்த்திராத ஒரு சோதனையைப் பற்றியோ ஓர் அட்டவணையைப் பற்றியோ இருக்கும். செய்முறைத் தேர்வு தனி. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சொதப்பியது, ஏன் என்று பேசினார்கள். சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கி, பாடத்தில் எழுந்த சந்தேகங்களை அவருக்குக் கடிதமாக எழுதச் சொன்னார்கள். கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் போயிற்று. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே, அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்த இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. எல்லாப் பள்ளிகளும் பொதுப் பாடநூலுக்குத் திரும்பின. மதிப்பெண்ணை வைத்தும் சீர்மையை வைத்தும் எழுந்த வாதங்கள் அப்போது செல்லுபடியாயின. அந்த முடிவு தவறு என்றே நான் கருதுகிறேன். மாற்றுக் கல்வி என்றால் தோப்புக்குள் நடக்கும் சிறு தனியார் பள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் சாதாரண அரசுப் பள்ளியிலும் முடியும் என்பதற்கு இருந்த மிகப் பெரிய சான்றை நாமே எடுத்துவிட்டோம்.

கணக்குக்கு வரும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. கணிதச் செயல்பாடு, அறிவியல் செயல்பாடு என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டிலும் கை செய்யும் வேலை ஒன்றல்ல.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி. ஏழாம் வகுப்பில் இதைப் பாகைமானி வைத்து அளந்து பார்க்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு 178 வரும், ஒருத்திக்கு 183, இன்னொருவனுக்குத் தற்செயலாக 180. ஹோஷங்காபாத் முறைப்படி எல்லாவற்றையும் பலகையில் எழுதினால் 180ஐச் சுற்றி ஒரு மேடு கிடைக்கும். அளவியலுக்கு அது நல்ல பாடம். ஆனால் ஒரு புத்திசாலிக் குழந்தை கேட்கும்: "சார், உண்மையில 179.6-ஆ இருந்தா?" பாகைமானியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆயிரம் முக்கோணம் அளந்தாலும் சொல்ல முடியாது. இப்போது ஒரு தாள் முக்கோணத்தை எடுத்து, மிக நீளமான பக்கத்தை அடியில் வைத்து, மேல் முனை அடிக்கோட்டைத் தொடும்படி, மடிப்பு அடிக்கோட்டுக்கு இணையாக அமையும்படி மடியுங்கள். மற்ற இரு முனைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். மூன்று கோணங்களும் ஒன்றையொன்று ஒட்டி நேர்கோட்டில் உட்கார்ந்துவிடும். இதிலும் மடிப்பு அரை மில்லிமீட்டர் பிசகலாம். ஆனால் இந்தப் பிசகு குழந்தையை உறுத்தாது. மடிப்பு பக்கங்களின் நடுப்புள்ளிகள் வழியாகப் போவதையும், அதனால் இரு பக்கமும் இருசமபக்க முக்கோணங்கள் உருவாவதையும் கண்டுவிட்டால், தன் கையில் உள்ள தாள் மட்டுமல்ல, எந்த முக்கோணத்தை எடுத்தாலும் இப்படித்தான் உட்கார முடியும் என்று தெரிந்துவிடுகிறது. எவ்வளவு என்று பாகைமானி காட்டியது. மடிப்பு ஏன் என்று காட்டுகிறது.

தாள் மடிப்பில் இந்த வலு இருப்பதைக் கண்டவர் நம் பக்கத்து மனிதர். தண்டலம் சுந்தர ராவ், வருவாய்த் துறையில் துணை ஆட்சியராக வேலை பார்த்தவர், 1893இல் சென்னையில் தாள் மடிப்பு வழியே வடிவியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கான மடிப்புத் தாள்களிலிருந்து தமக்கு யோசனை வந்ததாக முன்னுரையில் சொல்கிறார். ஒரு சதுரத் தாளில் தொடங்கி, அளவுகோலும் காம்பஸும் இல்லாமல், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று போய் பரவளையம் வரை எட்டிவிடுகிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார், அதைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். நூறு ஆண்டுகளுக்குமேல் அது உலகில் அச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் அறையில் அந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் அரிது. அதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு கட்டுப் பழைய தாள் போதும், வேறெந்தக் கருவியும் கேட்காத வழி அது.

அடுத்து நினைவுக்கு வருபவர் பி.கே.சீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர், ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் தொகுத்தவர், ராயபுரத்தில் 1993இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்தோடு கடைசிவரை இணைந்திருந்தவர். மாதக் காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் குழந்தைகளோடு விளையாடிய எண் விளையாட்டுகள் ஒரு புத்தகமாகவே வந்திருக்கின்றன. காலண்டரில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது தேதிகளைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கூட்டினால், நடுத் தேதியின் ஒன்பது மடங்கு வரும். வகுப்பில் இதைச் செய்து பார்த்தால் முதலில் பிள்ளைகள் எந்த மாதத்திலும் பலிக்கிறதா என்று வெறியோடு சோதிப்பார்கள். அதுவரை அது அறிவியல். பிறகு ஒருத்தி, நடு எண்ணுக்கு மேலே உள்ளது 7 குறைவு, கீழே உள்ளது 7 கூடுதல், இந்தப் பக்கம் 1 குறைவு, அந்தப் பக்கம் 1 கூடுதல், எதிரெதிர் மூலைகளும் அப்படியே ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்று காண்பாள். அதற்குப் பின் யாரும் இன்னொரு மாதத்தைப் புரட்டுவதில்லை. சோதிக்கும் ஆசை நின்றுபோகும் அந்தக் கணத்தில் கணிதம் தொடங்குகிறது. ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, எந்த நாளில் பிள்ளைகளை இன்னும் அளக்கவிட வேண்டும், எந்த நாளில் அளப்பதை நிறுத்தி யோசிக்கவிட வேண்டும் என்பதுதான்.

இதையெல்லாம் நாற்பது நிமிடப் பாடவேளையில் செய்ய முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கும்போது அதைச் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. வருகைப் பதிவு, இணையப் பதிவேற்றம், நலத்திட்டக் கணக்கு என்று வகுப்புக்கு வெளியே அவர்களுக்கு இன்னொரு முழுநேர வேலை இருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆறிலிருந்து எட்டு வரை உள்ள அரசுப் பள்ளி வகுப்புகளுக்கு, கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பொருள்களைக் கட்டிக்கொண்டு போய், பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து அறிவியலும் கணிதமும் செய்துகாட்டுகிறார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்கள் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். செய்து காட்டுவது குறையட்டும், செய்ய விட்டுவிட்டுப் போவது கூடட்டும். ஊசலையே எடுத்துக்கொள்வோம். நூலில் கல்லைக் கட்டி ஆட்டுவதற்கு முன், பெரிய கல் வேகமாக ஆடுமா சின்னக் கல்லா என்று கேட்டு, ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சேர்ந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளக்கட்டும். எடை எதுவாக இருந்தாலும் நேரம் மாறாது, நூலின் நீளம் மாறினால் மாறும். ஒரு மீட்டர் நூலுக்குப் போய்வர ஏறத்தாழ 2 நொடி. அதை 1 நொடியாக்க நூலைப் பாதியாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள், போதாது, கால் பங்காக்க வேண்டும். அதைக் கருத்தாளர் சொல்லிவிட்டால் மூன்று நிமிடத்தில் முடியும். சொல்லாமல் நூலைக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த முறை அவர் வருவதற்குள் யாராவது 25 சென்டிமீட்டரில் வந்து நின்றிருப்பார்கள்.

இன்னும் பெரிதாக ஒன்றையும் செய்யலாம். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் இரண்டு பள்ளிகள் சேர்ந்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கலாம். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் அலெக்சாந்திரியாவில் செய்ததுதான். இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகையில் ஏறத்தாழ 5 டிகிரி வித்தியாசம். வரைபடத்தில் வடக்கு தெற்காக அளந்தால் 555 கிலோமீட்டர் அளவில் வரும். பொங்கல் விடுமுறை முடிந்து, வானம் தெளிந்திருக்கும் ஜனவரி 20ஐ ஒட்டி ஒரு நாள். இரண்டு பள்ளி மைதானத்திலும் ஒரு மீட்டர் கம்பை நட்டு, குண்டுநூல் கட்டிச் செங்குத்தாக்கி, 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு இல்லை என்பது முதல் வியப்பு. அந்த நாளில் சென்னையில் சுமார் 12.20, கன்னியாகுமரியில் 12.30. சென்னையில் நிழல் 65 சென்டிமீட்டரை ஒட்டியும், கன்னியாகுமரியில் 54ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அளவுப்படி தாளில் முக்கோணம் வரைந்து கோணத்தைப் பாகைமானியால் படித்தால் எட்டாம் வகுப்பாலேயே முடிந்துவிடும், முக்கோணவியல் வேண்டாம். இரண்டு கோணத்தையும் கழித்து, 360இல் அது எத்தனை பங்கு என்று பார்த்து 555ஐப் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர் அருகில் வரும்.

வராமலும் போகலாம். ஒரு பள்ளியின் நிழல் அளவு ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் பூமியின் சுற்றளவில் சுமார் 3,000 கிலோமீட்டர் பிசகும். அந்த ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் இருப்பதும் கடினம், ஏனென்றால் சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. நிழலின் நுனி கூர்மையாக முடியாது, ஒரு சென்டிமீட்டருக்குமேல் மங்கலாகக் கரைந்துபோகும். கருமை முடியும் இடமா, மங்கல் முடியும் இடமா, இரண்டுக்கும் நடுவா? இரண்டு பள்ளிகளும் ஆளுக்கொரு விதமாகக் குறித்தால் கணக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகும். ஆகவே அளக்கும் நாளுக்கு முன்பே இரண்டு வகுப்புகளும் தங்கள் மைதானத்தில் நின்று நிழலின் விளிம்பை உற்றுப் பார்த்து, எந்த இடத்தில் கோடு போடுவது என்று ஒரு விதி எழுதி ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள வேண்டும். அந்த விதியை எழுத வேண்டியவர்கள் பிள்ளைகளே. ஆசிரியரின் வேலை, இரண்டு தலைமையாசிரியர்களிடமும் பேசி அந்த ஒரு மதியப் பாடவேளையை வாங்கிக் கொடுப்பது.